ரத்தமா... முள்ளங்கியா?

அரசு அலுவலகம் ஒன்று. மேஜைக்கு அடியில் ஒரு கவர் கை மாறுகிறது. வாங்கியவர் எச்சில் தொட்டு எண்ணிப் பார்த்து டிராயருக்குள் போடுகிறார். அடுத்த நிமிடம், இதுவரை ஃபைல் பார்ப்பதுபோல் நின்றிருந்த நாலு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். "ஸார், கையை இந்த டம்ளரில் கொஞ்சம் நனைங்க!"

நனைக்கிறார். தண்ணீர்போல் இருந்த கரைசல் ரோஸ் மில்க் ஆகிறது. மறுநாள் பேப்பரில் 'கையும் களவுமாக' என்று நாலு வரி.

'ரசாயனப் பவுடர் தடவிய நோட்டுகள்' என்று செய்தியில் வருமே, அந்தப் பவுடரின் பெயர் பினாப்தலின். ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட்டும் பிப்பெட்டுமாக நின்றவர்களுக்குப் பழைய சிநேகிதன். ஒரு சொட்டு கூடப் போனால் கூம்புக் குடுவை முழுக்க ரோஸ் ஆகி, மார்க் போய்விடும்.

இதே பினாப்தலினைக் கொஞ்சம் உருமாற்றி, தடய அறிவியல் கூடங்களில் வேறொரு உத்தியோகத்துக்கு வைத்திருக்கிறார்கள். 'இந்தக் கறை ரத்தமா?' என்று கேட்டால், ரோஸ் ஆகி 'ஆமாம்' என்று தலையாட்டுவது. இது போலவே நீலமாகித் தலையாட்டுகிற ரசாயனங்களும் உண்டு. அப்படி ஒன்று ஆட்டிய தலையைத் தப்பாகப் புரிந்துகொண்டதில், ஆஸ்திரேலியாவில் ஒரு தாய் மூன்று வருடத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தாள். குற்றம், தன் ஒன்பது வார வயதுப் பெண் குழந்தையைக் கொன்றது. செய்யாத குற்றம்.

அந்தக் கதைக்குப் போகுமுன், ரசாயனம் தலையாட்டும் லட்சணத்தைப் பார்த்துவிடலாம்.

சிவப்பெல்லாம் ரத்தமல்ல

சினிமாவில் ரத்தம் எப்போதும் செக்கச்செவேல். நிஜத்தில் ஒரு நாள் காய்ந்தால் காபிக் கறை மாதிரி பழுப்பாகிவிடும். கறுப்பு பேன்ட்டில் கண்ணுக்கே தெரியாது. மாறாக வெற்றிலை எச்சில், குங்குமம், துரு, பெயின்ட், தக்காளி சாஸ் எல்லாம் 'நான்தான் ரத்தம்' என்று ஜோராகப் போஸ் கொடுக்கும்.

கொலை நடந்த வீட்டில் இருநூறு கறை இருக்கிறது என்று வையுங்கள். இருநூறையும் முழுசாகப் பரிசோதிப்பது நடக்கிற காரியமில்லை. முதலில் ஒரு சல்லடை வேண்டும். எதை லேபுக்கு எடுத்துப் போகலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்லும் சல்லடை. அதற்குத்தான் 'உத்தேச சோதனை'.

செய்முறை சுலபம். கறைமேல் ஃபில்டர் பேப்பரை லேசாகத் தேய்க்க வேண்டியது. அதன்மேல் ஒரு சொட்டு ஆல்கஹால். அடுத்து, நிறமில்லாத உருவத்துக்கு மாற்றிய பினாப்தலின் ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து, ஹைட்ரஜன் பெராக்ஸைட் ஒரு சொட்டு. ரத்தம் இருந்தால் சில விநாடிகளில் பளிச்சென்று ரோஸ். 1901-ல் காஸல் என்ற அமெரிக்கரும் 1903-ல் மேயர் என்பவரும் உருவாக்கிய இந்தச் சோதனைக்கு காஸல்-மேயர் என்றே பெயர். ரத்தத்தைப் பத்தாயிரம் பங்கு தண்ணீரில் கரைத்தாலும் கண்டுபிடித்துவிடும்.

எப்படி? இது ஒரு கல்யாணம். நிறமில்லாத பினாப்தலின்தான் பெண். மாப்பிள்ளை, பெராக்ஸைடில் இருக்கும் ஆக்ஸிஜன். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் தாங்களாகச் சேரமாட்டார்கள். நடுவில் ஒரு தரகர் வேண்டும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் இரும்பு அந்த வேலையைச் செய்கிறது. ஜோடி சேர்ந்ததும் நிறம் வருகிறது. தரகர் எத்தனை கல்யாணம் முடித்தாலும் பிரம்மச்சாரியாகவே அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அதனால்தான் துளியூண்டு ரத்தமே போதுமானதாக இருக்கிறது.

சிக்கலும் இங்கேதான். ஊரில் தரகர் ஒருத்தர்தானா?

பச்சை முள்ளங்கிச் சாறு, டர்னிப், உருளைக்கிழங்கு... இவற்றிலும் இதே தரகு வேலை பார்க்கும் என்ஸைம்கள் உண்டு. செம்பு உப்புகளுக்கும் இந்தத் தொழில் தெரியும். பாத்ரூம் கழுவுகிற ப்ளீச்சோ இன்னும் மோசம். அது தரகரே இல்லை, மாப்பிள்ளை வருவதற்குள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போகிற ஆசாமி. பெராக்ஸைட் விடுமுன்பே பேப்பர் ரோஸ் ஆனால், ஓடிப்போன கேஸ் என்று அர்த்தம். அதற்காகத்தான் சொட்டுகளை வரிசையாக, இடைவெளி விட்டு விடுகிறார்கள். மெதுவாக அரை நிமிடம் கழித்து ரோஸ் ஆனாலும் கணக்கில் சேராது. காற்றில் சும்மா வைத்திருந்தாலே அது தானாக நிறம் மாறும். முள்ளங்கியைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. கொதிக்க வைத்தால் காய்கறி என்ஸைம் செத்துவிடும், ரத்தத்தின் தரகர் தாக்குப்பிடிப்பார்.

இத்தனை ஜாக்கிரதைக்கும் பிறகு ரோஸ் நிறம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். 'கல்யாணம் நடந்தது.' தரகர் யார் என்று அது சொல்வதில்லை. ரத்தமே என்றாலும் மனித ரத்தமா, ஞாயிற்றுக்கிழமை மட்டனா என்றும் சொல்வதில்லை.

மானேஜரின் 'பார்க்கலாம்'

தீபாவளிக்கு நாலு நாள் லீவு கேட்கிறீர்கள். மானேஜர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் "பார்க்கலாம்" என்கிறார். நீங்கள் சந்தோஷமாகப் போய் ரயில் டிக்கெட் எடுத்துவிடுகிறீர்கள். அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும்.

உத்தேச சோதனையின் பதிலும் அதே ரகம். நிறம் மாறவில்லை என்றால் 'இல்லை' என்று பெரும்பாலும் நம்பலாம். நிறம் மாறினால் 'இருக்கிறது' அல்ல, 'இருக்கலாம்'. அந்தக் கடைசி 'லாம்' இருக்கிறதே, அதில்தான் சிலருடைய கழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறது.

ரத்தத்துக்கு மட்டுமில்லை இந்த விதி. விந்துக் கறைக்கு ஆஸிட் பாஸ்பட்டேஸ் என்ற என்ஸைமைத் தேடுகிறார்கள். இருந்தால் ஊதா நிறம். ஆனால் அது பெண்ணின் உடல் திரவத்திலும் குறைந்த அளவு உண்டு, காலிஃபிளவரில்கூட உண்டு. ஆகவே அடுத்து மைக்ராஸ்கோப்பில் உயிரணுவைப் பார்க்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட ஆணிடம் அதுவும் இருக்காது என்பதால், விந்துக்கே உரிய வேறு புரதத்தைத் தேட வேண்டும். எச்சில் கதையும் அப்படியே. ஸ்டார்ச்சைக் கரைக்கும் அமைலேஸ் இருந்தால் எச்சிலாக இருக்கலாம். வியர்வையிலும் தாய்ப்பாலிலும்கூட அமைலேஸ் இருக்கிறதே! இருட்டில் கறைகளைப் பளிச்சிட வைக்கும் புற ஊதா விளக்கும் அப்பாவிதான். விந்துக்கும் ஒளிரும், துணி சோப்பில் இருக்கும் வெண்மைப் பொருளுக்கும் ஒளிரும்.

நம்ம ஷெர்லக் ஹோம்ஸுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். 1887-ல் வந்த முதல் கதையில், வாட்ஸன் அவரை முதன்முதலாகச் சந்திக்கும்போது, அந்த மனிதர் ரத்தத்துக்கு மட்டுமே மசிகிற ஒரு ரசாயனம் கண்டுபிடித்துவிட்டதாக லேபில் குதித்துக்கொண்டிருப்பார். அதுவரை இருந்த குவாயக் பிசின் சோதனையை நம்ப முடியாதது என்று மட்டம் தட்டுவார். கதையில் கிடைத்துவிட்டது. நிஜத்தில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

மரச்சாயம் என்றான் தச்சன்

கிடைத்தபோது கிடைத்த பலனையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ரூகன் தீவு, 1901. இரண்டு சின்னப் பையன்கள், அண்ணன் தம்பி, கோரமாகக் கொல்லப்பட்டார்கள். லுட்விக் டெஸ்னோவ் என்ற தச்சன்மேல் சந்தேகம். துணியெல்லாம் கறை. "மரத்துக்கு அடிக்கிற சாயம் ஸார்" என்றான். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்ட வேறொரு கேஸிலும் இதே பதிலைச் சொல்லித்தான் தப்பித்திருந்தான். தீவில் சமீபத்தில் யாரோ ஆடுகளைக் குதறிப் போட்ட விவகாரமும் இருந்தது.

அதே வருடம் பவுல் உலன்ஹூத் என்ற டாக்டர் ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தார். முயலுக்கு மனித ரத்தத்தை ஊசி போட்டால், அதன் உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும். அந்த முயலின் சீரத்தை எடுத்து, சந்தேகக் கறையின் கரைசலில் விட்டால், மனித ரத்தமாக இருந்தால் மட்டும் வெள்ளையாகக் கலங்கும். ஆட்டு ரத்தத்துக்குத் தனி சீரம். தச்சனின் துணிகளைத் துருவியதில் சில இடங்களில் மனித ரத்தம், சில இடங்களில் ஆட்டு ரத்தம் என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டார் உலன்ஹூத். ஆசாமி தண்டனை பெற்றான்.

தரகு நடந்ததா என்று மட்டும் பார்க்காமல், தரகர் யாரென்று அடையாள அணிவகுப்பு நடத்தினார்கள். அதற்குப் பெயர்தான் 'உறுதிச் சோதனை'. அணிவகுப்பிலேயே தப்பு நேர்ந்தால்? அங்கேதான் ஆஸ்திரேலியா வருகிறது.

ஒரு பாலைவன இரவு

1980 ஆகஸ்ட் 17. நடு ஆஸ்திரேலியாவில் உலுரு என்ற பிரும்மாண்டச் செம்பாறை. அப்போது ஏயர்ஸ் ராக் என்பார்கள். அதனடியில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தது சேம்பர்லைன் குடும்பம். கணவர் மைக்கேல் ஒரு சர்ச்சில் பாஸ்டர். மனைவி லிண்டி. இரண்டு பையன்கள். கைக்குழந்தை அஸாரியா.

ராத்திரி கூடாரத்தில் குழந்தை வீறிட்டது. லிண்டி ஓடினாள். டிங்கோ என்கிற காட்டு நாய் கூடாரத்திலிருந்து வெளியேறுவதைப் பார்த்ததாகச் சொன்னாள். குழந்தையைக் காணோம். விடிய விடியத் தேடியும் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ரத்தக் கறையோடு அதன் உடுப்பு மட்டும் கிடைத்தது.

1981 பிப்ரவரியில் முதல் விசாரணை முடிந்தது. டிங்கோதான் தூக்கிப் போயிற்று என்று சொன்னார் விசாரணை அதிகாரி. டி.வி.யில் நேரடியாகவே தீர்ப்பைப் படித்தார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஊர் வாய் மூடவில்லை. டி.வி. பேட்டியில் அந்தம்மா அழவே இல்லையே! அஸாரியா என்றால் 'பாலைவனத்தில் பலி' என்று அர்த்தமாமே! (நிஜமான அர்த்தம், 'கடவுள் துணை நின்றவர்'.) நாய் எங்கேயாவது குழந்தையைத் தூக்குமா? ஆபீஸ் கேன்டீனிலும் பார்பர் ஷாப்பிலும் இதே பேச்சு. துணியில் இருந்த கிழிசல் பல்லால் வந்ததல்ல, கத்திரியால் வந்தது என்று நிபுணர் ஒருவர் சொல்ல, கேஸைத் திரும்பத் தூசி தட்டினார்கள். 1981 செப்டம்பரில் குடும்பத்தின் காரைக் கைப்பற்றினார்கள். சம்பவம் நடந்து பதிமூன்று மாதம் கழித்து.

லேபில் காரைச் சோதித்தார்கள். பயன்படுத்தியது ஆர்த்தோடாலிடின், நம்ம பினாப்தலினின் பங்காளி. ரோஸுக்குப் பதில் நீலமாகும். முன் ஸீட் பக்கம், டாஷ்போர்டு அடியில் என்று பல இடங்களில் நீலம். டாஷ்போர்டு அடியில் தெறித்தமாதிரி ஒரு பேட்டர்ன் வேறு. ரத்தக்குழாய் வெட்டுப்பட்டால் பீய்ச்சுமே, அது மாதிரி.

அடுத்தது உறுதிச் சோதனை. கைக்குழந்தையின் ஹீமோகுளோபின் பெரியவர்களுடையதிலிருந்து வேறு ரகம். பிறந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் மாறிவிடும். அந்தக் குழந்தை ரகத்தை மட்டும் அடையாளம் காட்டுவதாகச் சொல்லப்பட்ட சீரத்தை வைத்துப் பார்த்து, 'காரில் இருப்பது கைக்குழந்தை ரத்தம்' என்றார்கள். காரின் முன் ஸீட்டில் வைத்துக் கழுத்தை அறுத்தாள் என்றது அரசுத் தரப்பு.

டார்வின் நகரக் கோர்ட்டில் 1982 அக்டோபர் 29 அன்று தீர்ப்பு. லிண்டிக்கு ஆயுள் தண்டனை. மைக்கேலுக்கு உடந்தை என்று நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. லிண்டி அப்போது நிறைமாத கர்ப்பிணி. நவம்பரில் காவலில் இருக்கும்போதே பெண் குழந்தை பிறந்தது. சில மணி நேரத்தில் பிரித்துவிட்டார்கள். அப்பீல்கள் தோற்றன. 1984-ல் உயர் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் எதிராக, இரண்டு பேர் ஆதரவாக.

பீய்ச்சியது எது?

1986 ஜனவரியில் உலுருவில் ஏறிய டூரிஸ்ட் ஒருவர் விழுந்து இறந்துபோனார். அவர் உடலைத் தேடப்போன இடத்தில், டிங்கோக்கள் நடமாடும் பகுதியில், பாதி புதைந்த ஒரு குட்டி ஜாக்கெட் கிடைத்தது. 'குழந்தை இதைப் போட்டிருந்தாள்' என்று லிண்டி ஆரம்பத்திலிருந்தே சொல்லி, யாரும் நம்பாத அதே ஜாக்கெட். சில நாளில், பிப்ரவரி 7 அன்று, லிண்டியை விட்டுவிட்டார்கள்.

நீதிபதி டிரெவர் மார்லிங் தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 1987-ல் அறிக்கை வந்தது. காரைப் பற்றி அதில் இருந்ததைப் படித்தால் வயிற்றைப் பிசையும்.

டாஷ்போர்டு அடியில் பீய்ச்சியிருந்தது ரத்தமே அல்ல. காரைத் தயாரிக்கும்போது சத்தம் குறைவதற்காகத் தொழிற்சாலையில் அடித்த கலவை! அதே மாடல் வேறு கார்களிலும் அது அப்படியே இருந்தது.

மற்ற நீலங்கள்? சம்பவத்தின்போது அந்தக் குடும்பம் இருந்த ஊர் மவுண்ட் ஐஸா. செம்புச் சுரங்க ஊர். காருக்குள் செம்புத் தூசு. செம்புக்கும் தரகு வேலை தெரியும் என்று பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதைத் தவிர, 1979-ல் ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஒரு ஆளை இந்தத் தம்பதி இதே காரில் ஏற்றிப் போயிருந்தார்கள். கொஞ்சநஞ்சம் நிஜ ரத்தம் இருந்திருந்தாலும், அந்தப் புண்ணியம் செய்ததன் மிச்சமாக இருக்கலாம்.

குழந்தை ரகத்தைக் காட்டிய சீரமும், அந்த ரகத்தை மட்டும் சரியாகப் பிரிக்கும் என்று நம்பக்கூடியதாக இல்லை. மறுபடி சரிபார்க்கலாம் என்றால், சோதனைத் தகடுகளை லேபில் வழக்கப்படி எப்போதோ அப்புறப்படுத்தியிருந்தார்கள். காரில் ரத்தம் இருந்திருந்தால் அது மிகக் கொஞ்சமே, அது அஸாரியாவுடையது என்பதற்கு நிரூபணம் இல்லை என்று முடித்தார் மார்லிங்.

1988 செப்டம்பரில் தண்டனைகள் ரத்து. 1992-ல் பதிமூன்று லட்சம் ஆஸ்திரேலிய டாலர் நஷ்ட ஈடு. மெரில் ஸ்ட்ரீப் லிண்டியாக நடித்து 1988-ல் சினிமாவும் வந்தது.

'லாம்' எங்கே விழுந்தது?

தப்பு நீல நிறத்தின்மேல் இல்லை. செம்பைப் பார்த்தாலும் நீலமாவது அதன் சுபாவம். முதல் படியில் 'ரத்தமாக இருக்கலாம்' என்று இருந்தது, அடுத்த படியில் 'குழந்தை ரத்தமாக இருக்கலாம்' ஆகி, கோர்ட்டுக்கும் பேப்பருக்கும் போய்ச் சேர்வதற்குள் 'லாம்' வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அழாத தாயைப் பற்றி ஊர் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்ததால், விழுந்ததைக் குனிந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது டி.என்.ஏ. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் எந்தக் கறையை டி.என்.ஏ.வுக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது இன்றும் இதே நிறச் சோதனைகள்தான். ஆளின் டி.என்.ஏ. கிடைத்தாலும், அது ரத்தத்திலிருந்து வந்ததா, எச்சிலிலிருந்து வந்ததா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. சட்டையில் இருப்பது தும்மலா, குத்துவெட்டா என்பதில் ஒருவனுடைய வாழ்க்கை இருக்கிறது.

இதே விஷயத்தைச் சரியாகக் கையாள்கிற இடம் ஒன்றைச் சொல்கிறேன். நாற்பது, ஐம்பது தாண்டியவர்களுக்கு மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போகிறதா என்று பார்க்கும் ஒரு பழைய சோதனை உண்டு. ஹோம்ஸ் மட்டம் தட்டிய அதே குவாயக் பிசின்தான். அட்டையில் தடவி, பெராக்ஸைட் விட்டால் நீலம். 'சில நாளுக்கு முன்பிருந்தே பச்சை முள்ளங்கி, மட்டன் வேண்டாம்' என்று சொல்லிவிடுவார்கள். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். நீலமானால் டாக்டர் "கான்சர்" என்று கத்துவதில்லை. "எதற்கும் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிடலாம்" என்கிறார். 'லாம்' பத்திரமாக இருக்கிறது.

அஸாரியா கேஸுக்குத் திரும்பினால், தண்டனை ரத்தான பிறகும் இறப்புச் சான்றிதழில் காரணம் தெளிவாக எழுதப்படவில்லை. மறுபடி மறுபடி விசாரணை. 2012 ஜூன் 12 அன்று டார்வினில் விசாரணை அதிகாரி எலிஸபெத் மாரிஸ், குழந்தையை டிங்கோதான் கொன்றது என்று தீர்ப்பளித்தார். பெற்றோரிடம் புதுச் சான்றிதழ் வந்து சேர்ந்தது.

ஃபில்டர் பேப்பர் நீலமாகப் பத்து விநாடி ஆகியிருக்கும். அந்த ஒரு துண்டுக் காகிதத்துக்கு முப்பத்திரண்டு வருடம் ஆயிற்று.